பல பூட்டுகளுக்கு ஒரே சாவியா?

தென் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அப்பகுதியிலிருந்து எங்கள் கிளைக்கு வரும் மூத்த வாடிக்கையாளர்கள் சிலர், பாஸ்புக் உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டைச் செருகி வைத்திருப்பதைக் கண்டிருக்கிறோம். நெட் பேங்கிங், மின்னஞ்சல், மின்கட்டணம், ரயில் முன்பதிவு ஆகிய அனைத்திற்கும் உரிய கடவுச்சொல் அதில் இருக்கும். பெரும்பாலும் அது ஒரே சொல்: பேரக்குழந்தையின் பெயரும் பிறந்த ஆண்டும். சீட்டு தொலைவதைக் காட்டிலும் பெரிய ஆபத்து அந்த ஒரே சொல்லில் இருக்கிறது.

2020-ஆம் ஆண்டில், இணையவழி மளிகை நிறுவனமான பிக்பாஸ்கெட்டின் ஏறத்தாழ 2 கோடி வாடிக்கையாளர்களின் விவரங்கள் கசிந்ததாகச் செய்தி வெளியாயிற்று. மின்னஞ்சல் முகவரிகளுடன், உருமாற்றப்பட்ட வடிவில் கடவுச்சொற்களும் அவற்றுள் இருந்தன. எளிய சொற்களை அவ்வடிவிலிருந்து கண்டறிவது மோசடிக்காரர்களுக்குக் கடினமன்று. ஓரிடத்தில் கிடைத்ததைக் கொண்டு மற்ற தளங்களையும் அவர்கள் திறந்து பார்ப்பர். மின்னஞ்சல் அவர்கள் வசமானால், ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்னும் வசதியின் வழியே வேறு பல கணக்குகளும் அவர்கள் வசமாகும்.

பெட்டகமும் சாவியும்

கணக்கிற்கு ஒரு கடவுச்சொல் வேண்டும். அத்தனையையும் நினைவில் வைக்க இயலாது. இதற்கெனவே பாஸ்வேர்டு மேனேஜர் என்னும் செயலிகள் உள்ளன. வங்கி லாக்கரைத் திறக்க இரு சாவிகள் தேவை. ஒன்று உங்களிடமும் மற்றொன்று வங்கியிடமும் இருக்கும். நல்ல பாஸ்வேர்டு மேனேஜருக்குச் சாவி ஒன்றே. அந்த முதன்மைக் கடவுச்சொல் உங்களிடம் மட்டுமே இருக்கும். அதை மறந்தால் நிறுவனத்தாலும் பொதுவாக மீட்டுத்தர இயலாது.

இதில் மற்றொரு பாதுகாப்பும் உண்டு. ஓர் எழுத்து மாறிய போலி வங்கித் தளம் நம் கண்ணை ஏமாற்றலாம். முகவரி பொருந்தாததால் செயலி அங்கே கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. அவ்வேளையில் கையால் தட்டச்சு செய்ய முனையாமல், முகவரியை மீண்டும் சரிபாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கைப்பேசியிலேயே கூகுள் அல்லது ஆப்பிள் தரும் வசதி பலருக்குப் போதுமானது. வெவ்வேறு வகைக் கருவிகளைப் பயன்படுத்துவோருக்கு பிட்வார்டன் போன்றவை கட்டணமின்றியும் கிடைக்கின்றன. கீபாஸ், பெட்டகத்தை உங்கள் கணினியிலேயே கோப்பாக வைக்கும். அதற்கு நகல் எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு.

2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்கள் திருடப்பட்டன. கடவுச்சொற்கள் பூட்டிய நிலையிலேயே இருந்தன. ஆனால் வலுவற்ற முதன்மைச் சொல் வைத்திருந்தவர்களுக்கு ஆபத்து மிகுதி. ஆகவே ஒன்றுக்கொன்று தொடர்பற்ற ஐந்து சொற்களையேனும் கோத்து அமையுங்கள். பழமொழி, குறள், திரைப்பாடல் வரி ஆகியவை வேண்டா. இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். ஏ.டி.எம். பின், யு.பி.ஐ. பின் ஆகியவற்றை நினைவில் மட்டும் வையுங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வழி

கணவர் மறைந்தபின் எங்களிடம் வரும் பெண்களுக்கு, நாமினி பதிவு இருந்தால் வைப்புத்தொகையைப் பெற வழி எளிது. ஆனால் காப்பீட்டு அறிவிப்புகளும் குடும்பப் புகைப்படங்களும் இருக்கும் மின்னஞ்சலைத் திறக்க எங்களால் உதவ முடிவதில்லை. முதன்மைக் கடவுச்சொல்லைத் தாளில் எழதி, உறையிலிட்டு ஒட்டி, இருவர் பெயரிலுள்ள லாக்கரில் வையுங்கள். உறை இருக்குமிடத்தைத் துணைவருக்குச் சொல்லுங்கள். எனினும், மறைந்தவரின் வங்கிக் கணக்கை அவரது கடவுச்சொல்லால் இயக்கலாகாது. முறைப்படி வங்கியிடமே கோர வேண்டும்.

கடவுச்சொல்லைப் பிறரிடம் பகிர்ந்த கவனக்குறைவால் நேரும் இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்தது. ஐயம் எழுந்த உடனே வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இன்று மின்னஞ்சல், நாளை நெட் பேங்கிங் எனத் தொடங்குங்கள். பிறகு பாஸ்புக் உறையிலுள்ள சீட்டைக் கிழித்துவிடலாம்.