பொலித்தீன் விரித்த கேணியில் மண் சறுக்குதல்

புளியங்குளம் முதலிய உலர்வலய ஊர்களில், நீர் கசியாதிருக்கத் தோட்டக் கேணியிற் பொலித்தீன் விரித்து, வெயில் தாக்காவண்ணம் மண்ணால் மூடும் கமக்காரர் கரைச் சரிவைக் கவனித்தல் வேண்டும். மூடிய மண் சறுக்கிவிடின் விரிப்பு வெயிலிற் கெடும்; மாரியில் தேக்கிய நீரும் வீணாகும்.

மணல்மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால், மணல்மேல் மணல் ஏறத்தாழ 30 பாகைச் சரிவிலும் நிற்கும். வழுவழுப்பான பொலித்தீனில் அத்தகைய உராய்வு இல்லை; ஏறத்தாழ 18 பாகையிலேயே மணல் வழுக்கும். ஈரக் களியோ அதற்கு முன்னரே வழுக்கக்கூடும். 1988இல் கலிபோர்னியாவின் கெற்றில்மன் குன்றுகளில் நச்சுக் கழிவுமேடொன்று இத்தகைய விரிப்புகளின் வழியே சரிந்தது.

ஓரடி உயரத்துக்கு ஈரடி கிடையாக வெட்டிய கரை 26 பாகைக்கு மேற்பட்டது, ஆகாது. மூன்றடியும் ஐயத்துக்குரியதே. நான்கடி தகும். இடம் போதாதெனின் சொரசொரப்பான விரிப்பையே வாங்குக.