வைத்தியச் செலவும் வரிப்பணமும்

இலவச வைத்தியம் என்னுஞ் சொற்றொடர் நம் நாட்டில் நாள்தோறும் வழங்குவது. அரசினர் வைத்தியசாலைக்குச் சென்று, வைத்தியரைக் கண்டு, மருந்தும் பெற்று, காசு கொடாமல் வீடு திரும்பும் ஒருவர் அதனை இலவசம் என்று கூறுவதிற் பிழையில்லை. ஆயினும் அம்மருந்துக்கும், அதனைக் கட்டிக் கொடுத்தவரின் சம்பளத்துக்கும், கட்டிலுக்கும், விளக்குக்கும் எவரோ பணங் கொடுத்தேயிருக்கின்றனர். வைத்தியத்துக்குச் செலவு உண்டு என்பதில் ஐயமில்லை. அச்செலவை நோயுற்றவர் நோயுற்ற வேளையிற் கொடுப்பதா, எல்லாரும் தத்தம் ஆற்றலுக்கேற்ப முன்னரே வரியாகக் கொடுத்து வைப்பதா என்பதே அரசுகளை வருத்தும் வினா. அவ்வினாவை மிகத் தெளிவாக எழுப்பிய விவாதம் 1951ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் நிகழ்ந்தது. ஓர் அரசாங்கத்தையே உலுக்கிய அவ்விவாதம் பொய்ப்பல்லையும் மூக்குக் கண்ணாடியையும் பற்றியது என்பது வியப்புக்குரியது.

பிரித்தானியாவில் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறைந்த சம்பளம் பெற்ற தொழிலாளருக்குக் காப்புறுதி மூலம் வைத்தியரின் உதவி கிடைத்து வந்தது. ஆனால் அவர்தம் மனைவியரும் பிள்ளைகளும் அதில் அடங்கவில்லை. குடும்பத் தலைவன் காய்ச்சலுற்றால் வைத்தியர் வருவார். தாய் காய்ச்சலுற்றால் பணத்தை எண்ணிப் பார்த்த பின்னரே வைத்தியரை அழைக்க வேண்டும். 1942ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை, வறுமை, நோய், அறியாமை, அசுத்தம், வேலையின்மை ஆகிய ஐந்தும் நாட்டை வழிமறிக்கும் அரக்கர்கள் என்று காட்டியது. யுத்தம் முடிந்து 1945இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது, பிரதம மந்திரி அற்லி சுகாதார மந்திரிப் பதவியை அனைரின் பெவன் என்பவரிடம் ஒப்படைத்தார்.

பெவன் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் 13ஆம் வயதிலே வேலைக்கு இறங்கியவர். அவர் பிறந்த திரெடீகர் என்னும் ஊரில், தொழிலாளர் தம் வாரச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கைச் சேர்த்து, தமக்கும் தம் குடும்பத்துக்கும் வைத்தியம் பெறும் சங்கமொன்றை நடத்தி வந்தனர். அவ்வூரார் செய்ததை நாடு முழுவதற்கும் விரிக்க அவர் விரும்பினார். வைத்தியர் சங்கத்தின் கடும் எதிர்ப்பைத் தாண்டி, 1948ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆந் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. அதன் செலவிற் பெரும்பங்கு பொது வரியிலிருந்தும் சிறு பங்கு காப்புறுதிப் பணத்திலிருந்தும் வந்தது. நோயாளி கொடுக்க வேண்டியது எதுவுமில்லை.

தொடங்கியபின் செலவு மதிப்பீட்டைக் கடந்தது. முதல் ஆண்டிலே 50 இலட்சம் சோடிக்கு மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. இலவசமென்றதும் மக்கள் வீண்செலவு செய்கின்றனர் என்று ஒரு சாரார் குறை கூறினர். இத்தனை பேரும் இதுகாறும் கண் தெரியாமலும் பல்லில்லாமலும் காலந் தள்ளினரே என்று மற்றையோர் விடை கூறினர். இரு சாராரும் ஒரே கணக்கைத்தான் பார்த்தனர்; ஒருவருக்கு அது வீணாகவும் மற்றவருக்கு அது நெடுநாள் மறைந்திருந்த தேவையாகவும் தோன்றியது.

1950ஆம் ஆண்டு ஜூனில் கொரிய யுத்தம் மூண்டது. மூன்றாண்டுகளில் 470 கோடி பவுண் செலவிட்டுப் படைபலத்தைப் பெருக்குவதென அற்லியின் அரசாங்கம் 1951 ஜனவரியில் முடிவு செய்தது. அப்போது நிதி மந்திரியாயிருந்தவர் ஹியூ கெயிற்ஸ்கெல். ஏப்ரல் 10ஆந் திகதி அவர் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டத்தில், வருமான வரியின் பொது வீதம் பவுணுக்கு 9 ஷில்லிங்கிலிருந்து 9 ஷில்லிங் 6 பென்சாக உயர்ந்தது. சுகாதார சேவையின் செலவு 40 கோடி பவுணுக்கு மேற்படலாகாது என வரம்பும் இடப்பட்டது. அவ்வரம்புக்குள் நிற்பதற்காகப் பொய்ப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் ஏறத்தாழ அரைப்பங்கு விலையை மக்களே கொடுக்க வேண்டுமென்று கூறப்பட்டது. அதனால் அவ்வாண்டிற் கிடைக்கக்கூடிய தொகை 1 கோடியே 30 இலட்சம் பவுண்.

கெயிற்ஸ்கெல் இரக்கமற்றவர் அல்லர். அவர் வாதம் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதும் அன்று. எந்தச் சேவைக்கும் எல்லை வேண்டும்; நாட்டின் பணம் ஒன்றே, அதனை நாடும் கைகள் பல; முதியோருக்கு உபகாரச் சம்பளத்தை உயர்த்த வேண்டும்; வைத்தியசாலைகளை நடத்த வேண்டும். பல்லும் கண்ணாடியும் உயிர்காக்கும் மருந்துகள் அல்லவாதலால் அவற்றிற் கைவைப்பதே குறைந்த தீங்கு என்பது அவர் கருத்து.

பெவனோ வேறு கணக்கைக் காட்டினார். படைச் செலவின் ஓராண்டுச் சராசரி இச்சிறு தொகையைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்டது. அத்துணைப் பெருந்தொகைக்கு ஆயுதஞ் செய்ய மூலப்பொருளும் இயந்திரமும் கிடையா என்றும், செலவிட முடியாத பணத்துக்காக ஏழையின் பல்லிலே கைவைப்பது தகாது என்றும் அவர் வாதித்தார். ஒருமுறை கதவைத் திறந்துவிட்டால், பின்வரும் நிதி மந்திரிகள் ஒவ்வொருவரும் அதனை மேலும் அகலத் திறப்பர் என்பதே அவரது பேரச்சம். ஏப்ரல் 22ஆந் திகதி அவர் மந்திரிப் பதவியைத் துறந்தார். மறுநாள் வர்த்தக மந்திரி ஹரல்ட் வில்சனும் விலகினார். பிளவுபட்ட தொழிற்கட்சி அவ்வாண்டு அக்டோபர்த் தேர்தலில் தோல்வியுற்றது.

பின் நிகழ்ந்தவை இருவரையும் ஒரோவழி மெய்ப்பித்தன. 470 கோடி பவுணையும் குறித்த காலத்துக்குட் செலவிட இயலாதென்று கண்ட சேர்ச்சிலின் அரசாங்கம் படைத்திட்டத்தை நீண்ட காலத்துக்குப் பரப்பியது. அதே அரசாங்கம் 1952இல் மருந்துச் சீட்டுக்கு 1 ஷில்லிங் கட்டணமும் விதித்தது. பெவன் அஞ்சிய கதவு அகன்றது. வீண்செலவைக் கண்டறிய அமைத்த கில்லிபோ குழுவோ, 1956இல் வெளியிட்ட அறிக்கையிற் பெரிய வீண்செலவெதனையும் காணவில்லை. தேசிய உற்பத்தியில் சுகாதார சேவையின் பங்கு 1949-50இல் 3.75 வீதமாயிருந்து 1953-54இல் 3.25 வீதமாகக் குறைந்திருந்தது என்று அது காட்டியது.

கட்டணத்தை எதிர்த்துப் பதவி துறந்த வில்சன் 1964இல் பிரதம மந்திரியானார். 1965இல் மருந்துக் கட்டணத்தை நீக்கினார். ஆனால் பவுணின் மதிப்பு 1967இல் குறைக்கப்பட்ட பின், 1968இல் அவரே அக்கட்டணத்தை 2 ஷில்லிங் 6 பென்சாக மீண்டும் விதித்தார். இதனைக் கொள்கை தவறியவர் கதை என்று மட்டும் கொள்ளலாகாது. சிறுவர், முதியோர், கர்ப்பிணிகள், நீடித்த நோயாளர் சிலர், வறியோர் ஆகியோரை அவர் விலக்க வேண்டியிருந்தது. நோய் மிகுதியும் பற்றுவது இவர்களையே. இவர்களை விலக்கினால் கட்டணத்தின் வருவாய் சுருங்கும். விலக்காவிடின் மருந்து வேண்டியோர் மருந்தின்றித் திரும்புவர். இன்றும் இங்கிலாந்தில் வழங்கப்படும் மருந்துகளுள் பத்தில் ஒன்பதளவு கட்டணமின்றியே வழங்கப்படுகின்றன. வேல்ஸ் 2007இலும் வட அயர்லாந்து 2010இலும் ஸ்கொட்லாந்து 2011இலும் அக்கட்டணத்தை முற்றாக நீக்கிவிட்டன.

இலங்கையும் இச்சோதனையைச் செய்து பார்த்த நாடே. வரிப்பணத்தால் வைத்தியசாலைகளை நடத்தி வந்த இந்நாட்டில், 1971இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கியது. அவ்வரசாங்கமும் இடதுசாரிகளைக் கொண்டதே. 1977இல் ஆட்சி மாறியபோது அக்கட்டணம் நீக்கப்பட்டது.

எனினும் கட்டணம் நீங்கியதோடு வினா முடிந்துவிடவில்லை. வரியால் நடத்துவதென்றால், எந்த வரியால் என்று கேட்டல் வேண்டும். செல்வரின் வருமானத்திற் பெறும் வரி ஒன்று. எல்லாரும் வாங்கும் பொருளின் விலையிற் கலந்து வரும் வரி மற்றொன்று. இந்நாட்டு வரி வருவாயிற் பெரும்பகுதி பின்னதாகிய மறைமுக வரியிலிருந்தே வருகிறது. பெறுமதி சேர் வரி 2024ஆம் ஆண்டு ஜனவரியில் 18 வீதமாக உயர்ந்தது. கடையிற் பொருள் வாங்கும் கூலித் தொழிலாளியும் தன் வைத்தியத்துக்கான பணத்தை அங்கேயே செலுத்திவிடுகின்றான். ஆதலின் அவன் வைத்தியசாலைக்கு வருவது தருமம் கேட்டன்று. முன்னரே பணங் கொடுத்த ஒன்றைப் பெறுதற்கே வருகின்றான்.

மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. அதனை எந்த நிதி மந்திரியும் பாராளுமன்றத்தில் அறிவிப்பதில்லை. வரியும் போதாமல், கட்டணமும் விதியாமல் விட்டால், செலவு மறைந்துவிடாது. மருந்து இல்லை என்ற விடையாகவும், நீண்ட வரிசையாகவும் அது வெளிப்படும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரசினர் வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, நோயாளர் பலர் சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு வெளிக் கடைகளை நாடினர். சட்டத்தில் வைத்தியம் இலவசமே. கடைக்காரர் கேட்ட விலை மட்டும் இலவசமன்று. இவ்வாறு விதிக்கப்படும் கட்டணம் வறியோரையும் செல்வரையும் வேறுபடுத்திப் பாராது. எவருக்கும் விலக்களிக்கவும் மாட்டாது.

ஆகவே, வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாளில் மக்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. வைத்தியசாலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்பது ஒன்று. அத்தொகை எவர் பையிலிருந்து, எந்த வேளையிற் பெறப்படுகிறது என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் கேட்டு இரண்டாவதைக் கேளாது விட்டால், அதற்கான விடையை நோயாளியே மருந்துக்கடை வாயிலில் நின்று கூற நேரும்.