ஜன்னல் வழியே வந்த சொல்

ஒருவரை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவதற்கென்றே ஆங்கிலத்தில் தனியாக ஒரு சொல் உண்டு: டிஃபெனஸ்ட்ரேஷன். ஜன்னலைக் குறிக்கும் ‘ஃபெனஸ்ட்ரா’ என்ற லத்தீன் சொல்தான் இதன் வேர்.

சொல்லுக்குப் பேர் வாங்கித் தந்த ஊர் பிராக். தங்கள் வழிபாட்டு உரிமை பறிபோகிறது என்று கொதித்த புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், 1618 மே 23 அன்று அரண்மனைக்குள் புகுந்தார்கள். அரசரின் கத்தோலிக்கப் பிரதிநிதிகளான மார்டினிட்ஸையும் ஸ்லவாட்டாவையும் விசாரித்த கையோடு, மாடி ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். விளிம்பைப் பிடித்துத் தொங்கிய ஸ்லவாட்டாவின் விரல்களில் அடி விழுந்தது. கூட இருந்த பாவத்துக்கு எழுத்தர் ஃபப்ரீசியஸும் பின்னாலேயே போனார்.

உயரம் சுமார் 20 மீட்டர். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள்!

மாதா தாங்கிப் பிடித்தார் என்றது கத்தோலிக்கத் தரப்பு. குப்பைமேடுதான் தாங்கியது என்றது எதிர்த்தரப்பு. எழுத்தருக்குப் பின்னாளில் பிரபுப் பட்டமே கிடைத்தது. பட்டப்பெயர் ‘ஹோஹென்ஃபால்’, அதாவது ‘உயரத்து வீழ்ச்சி’. கொடுத்தவருக்குக் குசும்பு அதிகம்தான்.

அந்தக் கலகம் முப்பதாண்டுப் போராக மூண்டு, 1648 வரை ஐரோப்பாவை உலுக்கியது. பிராக்கில் இது புதுசும் அல்ல. 1419-லேயே நகரசபைக்காரர்களை இப்படி எறிந்திருக்கிறார்கள். இப்போது ஒருவரைப் பதவியிலிருந்து தடாலடியாகத் தூக்கினாலும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்.