கடற்பசுவின் உடலமைப்பு

மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் வாழும் ஒரு பெரிய பிராணியைக் கடற்பசு என்றும் கடற்பன்றி என்றும் சொல்வார்கள். எதிர்க்கரையில், இராமநாதபுரம் பக்கத்தில், இதற்கு ஆவுளியா என்று பெயர். இடம்பெயர்ந்து கரையோரங்களில் தங்கியிருக்கும் விவசாயக் குடும்பங்கள் பலவும் இப்பெயரைக் கேட்டிருக்கும், கண்டவர்கள் குறைவு. ஆனால் மாடு வளர்த்தவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமல்ல. பட்டியில் நின்ற மாட்டைப் பார்த்த அதே கண்ணோடு இதனையும் பார்ப்போம்.

இது மீன் அல்ல. குட்டி ஈன்று பால் கொடுக்கிறது, நுரையீரலால் மூச்சு விடுகிறது. பெயரில் பசு இருந்தாலும் மாட்டினமும் அல்ல. தரையில் வாழும் பிராணிகளுள் யானைதான் இதற்கு நெருங்கிய உறவு. பசு என்றவர்கள் அதன் மேய்ச்சலைப் பார்த்திருப்பார்கள், பன்றி என்றவர்கள் மூஞ்சியைப் பார்த்திருப்பார்கள் போலும்.

வளர்ந்த கடற்பசு ஏறக்குறைய 3 மீற்றர் நீளமானது. நிறை 250 முதல் 400 கிலோ வரை இருக்கும். தோல் தடிப்பானது, சாம்பல் நிறமானது, அங்கொன்றும் இங்கொன்றுமாக மயிர் உள்ளது. முன்னங்கால்கள் துடுப்புகளாக மாறியுள்ளன. பின்னங்கால்கள் இல்லை, இடுப்பெலும்பின் சிறு துண்டுகள் மட்டும் தசைக்குள் மிஞ்சியுள்ளன. வால் ஓங்கிலின் வாலைப்போல இரண்டாகப் பிரிந்து படுக்கையாக இருக்கும். ஆனால் ஓங்கிலுக்கு முதுகிலே செட்டை உண்டு, இதற்கு இல்லை.

வாய்தான் விசேஷமானது. அது முகத்தின் முன்னால் அல்ல, நிலத்தைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கிறது. அகன்ற மேலுதட்டில் முரட்டு மயிர்கள் உண்டு. அந்த உதட்டால் கடலடியில் வளரும் புல்லைத் தடவிப் பிடித்து, இலையோடு வேரையும் கிழங்கையும் சேர்த்துப் பிடுங்கி உண்ணும். மேய்ந்த இடத்தில் ஒரு சாண் அகலத்தில், கலப்பை ஓட்டிய சால்போல வெறும் மணல் தெரியும். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை புல் தின்னும்.

மாட்டைப்போல இது அசைபோடுவதில்லை. இரைப்பை ஒன்றுதான். புல்லைப் புளிக்கவைத்துச் சமிக்கச் செய்வது 25 மீற்றருக்கும் நீளமான பெருங்குடல். குடலில் வாயுவும் நுரையீரலில் காற்றும் நிறைந்த உடல் மிதந்துவிடும் அல்லவா? அதற்கு ஈடாக எலும்புகள், முக்கியமாக விலாவெலும்புகள், உள்ளே குழல் இல்லாமல் கல்லுப்போலக் கனமானவை.

வளர்ந்த ஆண்களுக்கு இரண்டு சிறு தந்தங்கள் வெளியே தெரியும். தந்தத்தை வெட்டிப் பார்த்தால் மரத்தில் உள்ளதுபோல வளையங்கள் இருக்கும். அவற்றை எண்ணி வயதைக் கணிக்கிறார்கள். 70 வயதைத் தாண்டியவையும் உண்டு.

பசுவின் மடி பின்னங்கால்களுக்கு இடையில் இருக்க, கடற்பசுவின் இரு முலைகளும் துடுப்புகளின் கீழே, கமக்கட்டில் உள்ளன. கடற்கன்னிக் கதைகள் இதிலிருந்து பிறந்திருக்கலாம் என்பார்கள். சினைக்காலம் ஓராண்டுக்கு மேல். ஈனுவது ஒரு குட்டி. அது ஒன்றரை வருடம் வரை பால் குடிக்கும். முதல் ஈற்றுக்கே பெரும்பாலும் பத்து வயதளவு ஆகிவிடும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 வருடங்கள் செல்லும். பட்டியில் ஒரு பசு செத்தால் சில வருடங்களில் ஈடுசெய்துவிடலாம். இங்கே ஒரு தாயை இழந்தால் அந்த இடம் நிரம்ப ஒரு தலைமுறை வேண்டும்.

கடற்புல் வெயில் படும் ஆழமற்ற நீரில்தான் வளரும். வலைகள் விரிக்கப்படுவதும் அங்கேதான். தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது இப்புற்றரைகளையும் எண்ணித்தான். எமது நாட்டிலும் கடற்பசுவைக் கொல்வது சட்டப்படி குற்றம்.

மூக்குத் துவாரங்கள் மூஞ்சியின் மேற்புறத்தில் உள்ளன. மூழ்கும்போது அவை மூடிக்கொள்ளும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தேயாக வேண்டும். வலையில் அகப்பட்ட கடற்பசு பெரும்பாலும் காயத்தால் சாவதில்லை, மூச்சு முட்டியே சாகிறது. ஆகவே தொழிலுக்குப் போகும் எமது பிள்ளைகள் அதனை வலையில் உயிரோடு கண்டால், முதலில் மூக்கை நீருக்கு மேலே வரச் செய்யட்டும், பின்பு வலையை அறுக்கட்டும். வாலின் பக்கம் மட்டும் நிற்க வேண்டாம்; அந்த அடி பலமானது.