சுருட்டின் தரமும் கிணற்று நீரும்

'மடூரோ' என்னும் ஸ்பானியச் சொல்லுக்குக் 'கனிந்தது' என்பது பொருள். கருநிறச் சுருட்டுக்கு அப்பெயர் வழங்குகின்றது. கறுப்பாயின் காரம் மிகுதி என்று கருதுவோர் பலர், அது சரியன்று. தடித்த இலைகளை அம்பாரமாக அடுக்கி, உள்ளே எழும் வெப்பத்தில் நெடுநாள் புழுங்கவிட்டு, அவ்வப்போது மாற்றியடுக்குவதால் வருவதே அக்கருமை. மெல்லிய இனிப்பும் உடன் சேரும். மேலிலை மை பூசினாற்போல் எங்கும் ஒரே கறுப்பாயிருப்பின் சாயமோ என ஐயுறுதல் தகும். நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

புகையை உள்ளிழுக்காது வாயில் நிறுத்தியே சுவை காண்பர். (புகையிலை உடலுக்குத் தீங்கு என்பது தெளிந்த உண்மை; ஈண்டு இலையின் தரமே பேச்சு.) ஆயினும் பயிரிடுவோர் நோக்க வேண்டியது, சுருட்டு எரியும் விதத்தையும் சாம்பலையும். திருச்சிச் சுருட்டின் கரிய சாம்பல், 1887இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதற்கதையிலேயே துப்பாகிவிட்டதன்றோ! இலையில் சாம்பல் சத்து போதிய அளவு இருப்பின் நெருப்பு சீராகக் கனலும்; குளோரைடு மிகுந்தால் அடிக்கடி அணையும். உவர்க் கிணற்று நீரும், மியூரியேட் ஆப் பொட்டாஷ் உரமும் இக்கேட்டினை விளைவிப்பன. பின்னர் எத்துணை நாள் புழுங்கவைத்தாலும் அது நீங்காது. ஆதலின் சாம்பல் சத்தினைச் சல்பேட் வடிவில் இடுக. நாற்று நடுமுன்பே நீரைச் சோதித்துக்கொள்க.