உங்களுக்குத் தெரியுமா? மூக்கு வழியே சுவாசக் குழாய்: ரத்தம் வராமல் தடுப்பது எப்படி?

வாய், தாடை அறுவை சிகிச்சைகளின்போது வாய்க்குள் இடம் தேவைப்படுவதால், மயக்க மருந்து நிபுணர் சுவாசக் குழாயை மூக்கு வழியாக மூச்சுக்குழலுக்குள் செலுத்துவார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக, இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஐவன் மகில், ஸ்டான்லி ரௌபாதம் ஆகியோர் வளர்த்தெடுத்த முறை இது.

இதில் அடிக்கடி வரும் சிக்கல் மூக்கில் ரத்தம் வடிவது. மூக்கின் நடுச்சுவரின் முன்பகுதியில் பல தமனிகளின் கிளைகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை மூடியிருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே.

தடுக்கும் வழிகள்:

● ஆக்சிமெட்டாசோலின் போன்ற சொட்டு மருந்தை முன்கூட்டியே விட்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கும்.

● மூச்சு தாராளமாகப் போய்வரும் நாசியையே தேர்ந்தெடுப்பார்கள்.

● குழாயை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் வைத்து இளக்கி, ஜெல் தடவுவார்கள். தேவைக்கு மேல் பருத்த குழாயைத் தவிர்ப்பார்கள்.

● குழாயை மேல்நோக்கித் தள்ளாமல், மூக்கின் அடித்தளத்தை ஒட்டி மெதுவாகச் செலுத்துவார்கள். தடை தட்டுப்பட்டால் அழுத்தக் கூடாது.

உங்கள் பங்கு: அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா, முன்பு மூக்கில் அறுவை சிகிச்சை நடந்ததா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதை மயக்க மருந்து நிபுணரிடம் தவறாமல் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.