நாற்காலி காலியா இருக்கு, ஆனா உட்கார முடியல!



மழைக்காலம் வந்தால் நம்ம சோழவரம் ஏரியைப் பற்றி தினமும் பேப்பரில் போடுவார்கள். மொத்தக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி, இன்றைய இருப்பு இவ்வளவு, நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு என்று இருக்கும். இருப்பு மட்டும் தெரிந்தால் போதாது. எவ்வளவு வருது, எவ்வளவு போகுது என்று தெரிந்தால்தான் ஏரி எப்போ நிரம்பும்னு சொல்ல முடியும்.

நூலகமும் அப்படித்தான். "எங்க நூலகத்துல 20 நாற்காலி இருக்கு" என்று சொன்னால் அது கொள்ளளவு மட்டும்தான். கூட்ட நேரத்தில் அந்த இடம் எல்லோருக்கும் பயன்படுதா என்பது வேற கணக்கு.

கூட்ட நேரம் எது? கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். அதனால் ஞாயிறு காலை கூட்டம் வரும். பள்ளி விட்ட பிறகு மாலையிலும், முழு ஆண்டு லீவிலும் வரும். எல்லாத்தையும் விட டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்த மாதங்களில்தான் அதிகம். 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு மட்டும் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். இத்தனை பேருக்கும் வீட்டில் தனி அறை இருக்குமா? நம்ம பக்கம் நிறைய வீடு ஒரே ரூம்தான். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார். டி.வி.யும் அதே ரூமில், தம்பியும் அதே ரூமில். அவங்களுக்கு நூலக மேசைதான் படிக்கிற அறை.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 20 நாற்காலி, மாலை 4 மணி முதல் 7 மணி வரை 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் பேப்பர் படித்துவிட்டு 20 நிமிடத்தில் எழுந்து போனால், ஒரு நாற்காலியில் 9 பேர் உட்காரலாம். மொத்தம் 180 பேர். எல்லோரும் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன், அக்காக்களாக இருந்தால் 3 மணி நேரமும் எழுந்திருக்க மாட்டார்கள். மொத்தம் 20 பேர்தான். அதே அறை, அதே நாற்காலி! 180 பேர் வந்த நாள் நல்ல நாள், 20 பேர் வந்த நாள் மோசம் என்று சொல்லவே முடியாது. அந்த 20 பேரில் ஒருத்தருக்கு வேலை கிடைத்தால் ஒரு குடும்பமே மாறுமே. கஷ்டம் எங்கே வருதுன்னா, இரண்டு வகை ஆட்களும் ஒரே மேசையில் உட்காரும்போதுதான். தாத்தா ஒருத்தர் பேப்பரை விரித்தால் பக்கத்தில் நோட்டு எழுதுகிற அக்காவின் கை மேலே விழும். சின்னப் பிள்ளைகள் படக்கதையைச் சத்தமாகப் படிப்பார்கள், "உஷ்" என்பார்கள். அதுங்க மறுபடி வராதுங்க.

இதை முதலில் யோசித்தவர்களில் ஒருவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான். சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நாலாவது விதி, படிக்க வருகிறவரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. இடம் தேடி நிற்கிற நேரமும் அதில் சேரும் என்பது என் கருத்து.

சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஆட்களைத் தளம் தளமாகப் பிரித்திருக்கிறார்கள். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்குத் தரைத்தளத்தில் தனி இடம். பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் பகுதியும் அங்கேதான். குழந்தைகளுக்கு முதல் தளம், தமிழ்ப் புத்தகங்களுக்கு இரண்டாம் தளம். குழந்தை கத்தினால் கீழே படிக்கிறவருக்குக் கேட்காது.

அது எட்டு மாடிக் கட்டடம், ஒரு ரூம் நூலகத்தில் எப்படி என்று கேட்பீர்கள். மாடி இல்லாட்டியும் மூலை இருக்கே! பேப்பரை வாசல் பக்கம் வைத்தால் பேப்பர் படிக்கிறவர்கள் உள்ளேயே வர வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு மூலையில் பாய் போதும், அவர்களுக்கு நாற்காலியே பிடிக்காது. சுவரைப் பார்த்த மேசை தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு. புதுசாக எதுவும் வாங்க வேண்டாம். வாங்கினாலும் தப்பில்லை, நம்ம வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுறோம். 1948ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி வாங்குகிற வரி அது.

இப்போ தலைப்புக்கு வருகிறேன். நூலகத்தில் வருகைப் பதிவேடு இருக்கும், உள்ளே வந்தவர்கள் கையெழுத்து போடுவார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை எந்த நோட்டில் எழுதுவது? ஒரு நூலகத்தில் நானே பார்த்தேன். மேசை முழுக்க ஆண்கள், நடுவில் ஒரே ஒரு நாற்காலி காலி. இரண்டு அக்காக்கள் வந்தார்கள், பார்த்தார்கள், செருப்பைக்கூட கழற்றாமல் போயிட்டாங்க. பதிவேட்டைப் பார்த்தால் அன்றைக்கு ஒரு இடம் மிச்சம் என்றுதான் தெரியும். அந்த இடம் ஒரு அண்ணனுக்குக் காலி, அந்த அக்காக்களுக்குக் காலி இல்லை. ஒரு மேசையில் "பெண்களுக்கு" என்று அட்டை வைத்திருந்தால் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பஸ்ஸில்கூட எழுதி வைத்திருக்கிறார்களே!

அதனால் எண்ணும்போது நாலு விஷயம் எண்ண வேண்டும். உள்ளே வந்தவர், வெளியே போனவர், உட்கார்ந்திருப்பவர், வாசலோடு திரும்பியவர். அரை மணிக்கு ஒரு தடவை கணக்கு நோட்டில் கோடு போட்டால் போதும். கடைசிக் கட்டத்தில் ஆண், பெண், பிள்ளைகள் என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும், அதுதான் முக்கியம். வருகிற ஞாயிறு காலை நான் நோட்டோடு போகிறேன். கூட ஒரு ஆள் வந்தால் நல்லது. உள்ளேயும் வாசலையும் ஒரே நேரத்தில் ஒருத்தியே பார்க்க முடியாது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி